ஆறுக்குப் பூஜ்யம்

"நடுவர் விலை போயிட்டாருய்யா" என்றார் தொழிற்சங்கத்துக்காரர். பக்கத்தில் இருந்தவரிடம்தான் சொன்னார். ஆனால் மண்டபத்துக்கே கேட்டது.

மேல்நிலைப் பள்ளிகளுக்கான மல்யுத்த இறுதிப் போட்டி. ஒரு பக்கம் சங்கத்துக்காரரின் மகன், அந்த வருஷம் யாரிடமும் தோற்காதவன். எதிரே மில் முதலாளியின் மகன். மெத்தை முதலாளி வாங்கிக் கொடுத்தது. கோப்பையும் அவர் வாங்கிக் கொடுத்தது. நடுவரோ முதலாளி நடத்தும் பள்ளியில் சம்பளம் வாங்கும் விளையாட்டு ஆசிரியர்.

ஜெயிப்பவனுக்கு விளையாட்டுக் கல்லூரியில் இடம். படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். முதலாளி மகனுக்கு அது சுவரில் மாட்ட இன்னொரு போட்டோ. மற்றவனுக்கு அது கை நழுவினால் மூட்டை தூக்கும் வேலை. அதுவும், வேலைநிறுத்தம் செய்தார் என்று அப்பாவை வெளியே தள்ளிய அதே மில்லில்.

சந்தேகம் ஆட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. நகம் வெட்டியிருக்கிறதா என்று விரல்களைப் பிடித்துப் பார்ப்பது நடுவர் வேலை. பார்க்கும்போது அவர் குனிந்து சங்கத்துக்காரர் பையனிடம் ஏதோ சொன்னார். பையன் முகம் சுருங்கி ஓரத்துக்கு வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"இன்னைக்குப் புள்ளியை நம்பாதேன்னு சொன்னாருப்பா."

சங்கத்துக்காரருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. போன வருஷம் இதே நடுவர்தான், ஒரு லாரி டிரைவரின் மகன் முதலாளி மகனைப் புள்ளிக் கணக்கில் வென்றதாக அறிவித்தார். முதலாளியின் வக்கீல் மேல்முறையீடு போட்டார். கமிட்டி வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இரண்டு பிடிகள் சந்தேகத்துக்கு இடமானவை என்று சொல்லி, டிரைவர் மகனிடமிருந்து பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

"போன வருஷம் பட்டாரு. இந்த வருஷம் திருந்திட்டாரு" என்றார் சங்கத்துக்காரர். சுற்றி இருந்த மில் தொழிலாளிகள் கசப்பாகச் சிரித்தார்கள்.

விசில் ஊதியதுமே பையன் எதிரியின் காலை வாரிச் சாய்த்தான். கால் கோட்டைத் தாண்டிவிட்டது, செல்லாது என்று கையை ஆட்டினார் நடுவர். மறுபடி பிடித்தான். விரலைப் பிடித்ததாக எச்சரிக்கை, புள்ளி எதிரிக்கு. ஒதுங்கி ஒதுங்கி ஆடுவதாக இன்னொன்று. அதற்கும் புள்ளி எதிரிக்கு. மற்றவர் ஆட்டத்தில் கண்டும் காணாமல் விடுகிற சின்னச் சின்னத் தப்பெல்லாம் இன்று அவர் கண்ணில் பட்டது.

ஆறுக்குப் பூஜ்யம்.

சங்கத்துக்காரர் எழுந்தார். மில் வாசலில் மைக் இல்லாமலே பேசிப் பழகிய தொண்டை.

"நடுவரா நீங்க, முதலாளி வீட்டு வாட்ச்மேனா? அந்த விசிலை அவர்கிட்டயே குடுத்துடுங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

பின்வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன், வாட்ச்மேன் என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். நடுவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசை சோபாவில் முதலாளி நிம்மதியாகக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

இடைவேளையில் பையன் அப்பாவைப் பார்த்தான். அவருக்குத் திட்டத்தான் தெரிந்தது, வழி சொல்லத் தெரியவில்லை. புள்ளி வராது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். எதிரியின் இரண்டு தோளையும் மெத்தையில் அழுத்திவிட்டால், கணக்கு என்னவாக இருந்தாலும் ஆட்டம் அதோடு முடிந்தது.

பையன் இறங்கினான். இந்தத் தடவை காலைத் தேடவில்லை. நேராக உள்ளே புகுந்து, அக்குளில் கையைக் கோத்து, முதலாளி மகனை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போட்டான். விழுந்தவன் மேலேயே சாய்ந்து அழுத்தினான்.

நடுவர் குப்புற விழுந்தார். கன்னத்தை மெத்தையில் வைத்து, தோளுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

"அடிய்யா" என்று மண்டபம் அலறியது.

ஓங்கிய கையோடு மேஜையில் இருந்த தலைமை நடுவரைப் பார்த்தார். தலைமை நடுவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சோபாவை விட்டு எழுந்து, மெத்தையில் ஒட்டிக் கிடந்த தன் மகனின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தலைமை நடுவர் தலையை ஆட்டினார்.

பட்டென்று கை மெத்தையில் விழுந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. பையனைத் தோளில் தூக்கியவர்கள் கீழே விடவே இல்லை. சங்கத்துக்காரர் அழுதார், மறுபடி கத்தினார், யார் யாரையோ கட்டிப்பிடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவர் அறையைத் தேடிப் போனார். மகன் ஜெயித்தது மகன் திறமை. இந்த ஆளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதாக இல்லை.

அறைக்கு முன்னால், படிக்கட்டுத் திருப்பத்தில் முதலாளியின் குரல் கேட்டு நின்றார்.

"மேல்முறையீடு போடுய்யா."

"எதை எதிர்த்துப் போடுறதுங்க?" என்றார் வக்கீல். "புள்ளி பூரா நமக்குத்தான் குடுத்திருக்காரு. தோள் பட்டதை நீங்களே எழுந்து நின்னு பாத்தீங்க."

"நடுவர் அவங்க ஆளுன்னு போடு."

"அவரை உங்க வாட்ச்மேன்னு அவங்கதானே கத்தினாங்க? வீடியோ முழுக்க அந்தச் சத்தம்தான்."

இருவரும் இறங்கிப் போனார்கள்.

அறைக்குள் நடுவர் தோல் உரிந்த முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சார், எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நடுவர் குழாயை மூடினார்.

"சொல்லியிருந்தா, அந்தத் தொண்டை அப்படித் திறந்திருக்குமா, தோழர்?"