நஃபுலா அம்மாவின் புள்ளிகள்

“அதோ பாருங்க முதலாளி, நம்ம பாயிண்ட் கார்டோட வெற்றி நடந்து வருது!”

கடையின் மாடி அறைக் கண்ணாடி வழியாக மேலாளர் சிமியு கீழே கை காட்டினான். கித்தாலே நகரின் சந்தைத் தெரு மழைச் சேற்றில் ஊறிக் கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுவயதுப் பெண் ஒருத்தி கடை வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதலாளி பராசா எட்டிப் பார்த்தார். “யாருய்யா அது? பெரிய இடமா?”

“கீரை விக்கறவங்க முதலாளி. நஃபுலா அம்மா. அவங்க வீட்டுப் பக்கத்துலயே கடை இருக்கு, விலையும் நம்மளவிடக் குறைச்சல். அதைத் தாண்டி தினம் இங்க நடந்து வர்றாங்க. மழையடிச்சாலும் சரி, ஊர்ல கலாட்டான்னாலும் சரி.”

பராசாவுக்கு வேறு கவலை. பழைய கட்டடத்தை விற்றாயிற்று. அடுத்த வாரம் புறவழிச்சாலைக்கு அப்பால் புதுக் கடை திறக்கிறார்கள். அவ்வளவு தூரம் ஜனம் வருமா?

“வரும் முதலாளி. விலையைக் குறைச்சா இன்னிக்கு நம்மகிட்ட வருவான், இன்னொருத்தன் இன்னும் குறைச்சா நாளைக்கு அங்க போவான். ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. ‘உன்னை எனக்குத் தெரியும்’னு காட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா எதையாவது சேர்க்க விடுங்க. சேர்த்ததை அப்படியே போட்டுட்டுப் போக மனுஷனுக்கு மனசு வராது.”

“ஜனம் வந்தா, எல்லாக் கிளையும் உன் கையில. வரலேன்னா நீயும் வர வேண்டாம்” என்றார் பராசா சிரிக்காமல்.

பொருள் வாங்க வாங்கப் புள்ளி சேரும் அந்த அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லித்தான் வாடிக்கையாளரை அழைக்க வேண்டும் என்பது சிமியு போட்ட சட்டம். அட்டை கொடுத்த அன்று கீரைக்காரி தன் பெயரைச் சொல்லவில்லை. “நஃபுலா அம்மான்னே போடு தம்பி” என்றாள். பெற்றவளைப் பிள்ளை பெயரால் அழைக்கிற ஊர். யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

கல்லாவில் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் ஒரு கணம் மலரும். உடனே வாசல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று சிமியு நினைத்துக்கொள்வான்.

கல்லாவில் இருக்கும் ஜெப்கோஸ்கெய்க்கு மட்டும் ஒரு சந்தேகம். “சார், அவங்க வாங்கறதே ஒரு தீப்பெட்டி, இல்ல ஒரு உப்புப் பொட்டலம். சேர்ந்த பாயிண்டுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே வாங்கிக்கல. எவ்வளவு இருக்குன்னுகூடக் கேட்டதில்ல.”

“பெருசா எதுக்கோ சேர்க்கறாங்கம்மா. இதுகூடப் புரியாம என்ன கல்லாவுல உக்காந்திருக்கே!”

சனிக்கிழமை பழைய கடைக்குப் பிரிவு விழா. வாசலில் பந்தல், ஒலிபெருக்கியில் பாட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணெயில் பொரித்த மந்தாசிப் பணியாரமும் இனிப்புத் தேநீரும். ஊரே திரண்டிருந்தது. கூட்டத்தின் ஓரமாக நின்றிருந்த நஃபுலா அம்மாவைச் சிமியு கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தான். முதலாளி அவள் தோளில் புதுத் துணி போர்த்தினார். படம் எடுத்தார்கள்.

“இந்த ஊரிலேயே நம்ம கடைமேல இவ்வளவு பாசம் வச்ச வாடிக்கையாளர் வேற யாரும் கிடையாது!” சிமியுவின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. “அம்மாவுக்கு ஒரு கேஸ் அடுப்பு! அதோட, புதுக் கடைக்கு வந்துபோக ஒரு வருஷத்துக்கு பைக் டாக்ஸி இலவசம்!”

கூட்டம் கைதட்டியது. “அடிச்சுது யோகம்!” என்று எவனோ கத்தினான்.

அவள் அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “புதுக் கடையா? அப்ப இது?”

“இதை இடிச்சுடுவாங்கம்மா. திங்கட்கிழமை தகரம் வச்சு அடைச்சுடுவாங்க.”

அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். “அடுப்பு வேண்டாம் தம்பி. வண்டியும் வேண்டாம். என் பாயிண்டையெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க. இங்க ஒரு சின்னக் கடையாவது விட்டு வைங்களேன்.”

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பராசாவின் புருவம் உயர்ந்தது. சிமியு அவசரமாக ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தான். இவளே வரமாட்டேன் என்றால் வேறு யார் வருவார்கள்?

“விளையாடாதீங்கம்மா. அங்க இதைவிடப் பெரிய கடை. உங்களை அங்கயும் இதே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். போதுமா?”

“நீங்க கூப்பிடுவீங்க தம்பி. ஆனா நான் அங்க வந்துட்டா, அவ வந்து என்னை எங்கன்னு தேடுவா?”

“யாரும்மா?” சிமியு சிரித்தபடியே ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டினான்.

“நஃபுலா. ‘இந்த வாசல்லயே நில்லுடி, அம்மா இப்ப வந்துடறேன்’னு சொல்லிட்டுத்தானே அன்னிக்கு நான் உள்ள போனேன்.”