மல்லாரியின் பட்டித் தரை

மல்லாரி நிறைசினைக் குதிரை. மழை பிடித்ததிலிருந்து அவள் பட்டி ஒரே சேறு. நாலு குளம்பும் ஊறி நாறின. பிறக்கப்போகும் குட்டி எதில் காலூன்றி நிற்கும் என்ற கவலையில் அவளுக்குப் புல்லே இறங்கவில்லை.

வேலியோரம் லாரி கொட்டிவிட்டுப் போன மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்தன. மெத்தென்று இருந்த மணலைப் பார்த்ததும் மல்லாரி, "இதுதான் வேணும்" என்றாள். குதிரைக்காரர் பாதி மணலை அள்ளிச் சேற்றின் மேலேயே பரப்பினார். ஒரே மழை. அத்தனையையும் சேறு விழுங்கிவிட்டது.

"நான் என்ன பண்ணுவேன்? கீழே பிடிமானம் இல்லையே" என்று மிச்ச மணல் சிணுங்கியது.

முனை முனையாகக் கிடந்த ஜல்லி அப்போதுதான் வாய் திறந்தது. "சேத்தை வழிச்சுட்டு என்னை அடியில போடச் சொல்லு, தாயி. என் மேல சாக்கு விரிச்சு, அதுக்கு மேல மணல். இல்லேன்னா மணல் என் இடுக்குல ஒழுகிடும்."

"அடியில போயிட்டா உன்னை யாரும் பார்க்கமாட்டாங்களே?"

"பார்க்கவா என்னை லாரியில ஏத்துனாங்க?"

குதிரைக்காரர் அப்படியே செய்தார். ஐந்தாம் நாள், கொட்டும் மழையில் குட்டி பிறந்தது. நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. கால் வழுக்கவில்லை.

"அம்மா, இந்த மணல் எவ்வளவு நல்ல மணல்!" என்றது.

மணலுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜல்லி ஏதாவது சொல்லும் என்று மல்லாரி தரையோரம் காதைச் சாய்த்தாள்.

ஜல்லியின் வாய் நிறைய, மணல் வழியே வடிந்து இறங்கிய மழைத்தண்ணீர்.