சேலை ஆராய்ச்சி

"கட்டுன சேலையைக் கேக்காகளா? எந்தக் காலேஜ்ல புள்ள பொம்பளை சேலையில ஆராய்ச்சி பண்ணுதான்?"

சோலைச்சாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நான் மட்டுமா குடுத்தேன்? நாரணாபுரத்துல பட்டாசு ஆபீசுக்கு மருந்து அடைக்கப் போற பாதிப் பேரு குடுத்தாச்சு. பழைய நைலக்ஸைக் குடுத்தா புதுசா நூல்சேலை தாராக," என்றாள் அவன் மனைவி மூக்கம்மாள்.

வெடிச் சத்தத்தில் கழுதைக்குக் காது மந்தமாகுமா என்று ஆறு மாதம் கழுதை பின்னாலேயே அலைந்த காலேஜ் அது. அது போகட்டும், கழுதைக்கு மானம் மரியாதை கிடையாது. சேலையில் என்ன ஆராய்ச்சி?

அதுவும் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவன் ஆசையாக எடுத்துக் கொடுத்த சிவப்பு நைலக்ஸ் சேலை. சாயங்காலம் அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும் என்று வேலைக்கும் அதைத்தான் கட்டிப் போவாள். இப்போது எவன் கையில் கிடக்கிறதோ!

மறுநாளே நூல்சேலையைச் சுருட்டிக்கொண்டு காலேஜ் இருக்கும் ஆமத்தூர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

ஆராய்ச்சி அறையில், ஊருக்குள் வந்து சேலை வாங்கிப்போன ஹெப்சிபா டீச்சர் தனியாக இருந்தார். அலமாரி நிறையச் சேலைகள், மடிப்புக்கூடக் கலையாமல். சிவப்புச் சேலையும் இருந்தது. மெஷின் ஒன்றையும் காணோம்.

"எங்கம்மா உங்க ஆராய்ச்சி? சேலையைப் பூட்டி வச்சு என்ன பண்ணுதீக? இப்பவே போலீசுக்குப் போறேன்!"

டீச்சர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்கண்ணே. ஆராய்ச்சி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. நைலக்ஸ் உரசுனா பொறி வரும். வெடிமருந்துல பட்டா ஆளே மிஞ்சாது. நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தோம், வீடு வீடாப் போய்ச் சொன்னோம். ஒருத்தரும் மாத்தல."

"அதுக்கு?"

"நூல்சேலையைச் சும்மாவே குடுக்கப் போனேன். 'உங்ககிட்ட பிச்சையா கேட்டோம்'னு திருப்பி அனுப்பிட்டாக. ஆராய்ச்சிக்குன்னு கேட்டதும் குடுக்காக. தயவுசெஞ்சு வெளிய சொல்லிராதீக."

அந்தச் சேலையோடு மூக்கம்மாள் தினமும் வெடிமருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தான். நூல்சேலையைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினான்.

அவன் வீட்டு வாசலில் தெருவே காத்திருந்தது.

"என்னண்ணே, அவுக களவாணித்தனம் தெரிஞ்சு போச்சா?" என்றாள் எதிர்வீட்டுக் குருவம்மாள். அவளும் உடம்பில் நைலக்ஸ்தான் சுற்றியிருந்தாள்.

சோலைச்சாமி நூல்சேலையை மனைவி கையில் கொடுத்தான்.

"பெரிய ஆராய்ச்சி தாயி. இதுவரைக்கும் வந்த சேலை பத்தலையாம். மிச்சமிருக்க நைலக்ஸ் அம்புட்டையும் கேக்காக."