பால்கனிக்குள் ஓர் ஏசி

“எல்லா வீடும் சரியா இருக்கு மேடம். ஒரே ஒரு வீடுதான் இடிக்குது” என்றார் சேஷகிரி.

யார் வீடு என்று கோமளம் யோசிக்கவேயில்லை. “ஹரிஷ்குமார்தானே?”

மல்லேஸ்வரத்தில் அந்த அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கட்டடங்களில் மின்சாரத்தை வீணாக்காமல் இருக்க மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருந்த புதிது. பெரிய ஆபீஸ்களுக்கான விதிகள்தான். ஆனாலும், நாமே முன்வந்து கடைப்பிடித்தால் என்ன என்று மாடி மாடியாக ஏறி எல்லோரையும் சம்மதிக்க வைத்திருந்தாள். சோதித்துச் சான்றிதழ் தர வந்தவர் சேஷகிரி.

“ஏசியோட வெளி யூனிட்டைக் கண்ணாடி போட்டு மூடின பால்கனிக்குள்ள வச்சிருக்கார். தான் கக்கற சூட்டையே அது திரும்ப இழுக்குது. கரண்ட் தண்டம் மேடம்.”

“அந்த பால்கனியில அப்பளத்தை வச்சா தானா பொரிஞ்சுடுமே!”

“பக்கத்துச் சுவர்ல வெளிப்புறமா மாட்டிட்டா போதும். சான்றிதழ் உங்க கையில.”

கோமளம் நேரே போய் ஹரிஷ்குமார் வீட்டு மணியை அடித்தாள். வேலூர்க்காரன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. போன கோடையில்தான் குடிவந்திருந்தான்.

“அந்தச் சுவர் மட்டும் வேணாம் ஆன்ட்டி.”

“ஏன்?”

அவன் தலையைச் சொறிந்தான். “வந்து... வாஸ்துப்படி அந்தப் பக்கம் எதுவும் மாட்டக் கூடாதாம்.”

“கம்ப்யூட்டர் படிச்சவன் பேசற பேச்சாப்பா இது?”

அவன் மனைவி தீபிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹரிஷ் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்திலும் கோமளம் விடவில்லை.

“ஒருத்தரோட மூடநம்பிக்கையால மொத்தக் கட்டடத்துக்கும் கெட்ட பேர் வரணுமா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹரிஷ் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் சேஷகிரியை அழைத்துக்கொண்டு கோமளம் மறுபடியும் போனாள். தீபிகாவின் முகம் இறுகியிருந்தது. படுக்கையறைக்கு அழைத்துப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

“இதான் ஆன்ட்டி அந்தச் சுவர். நீங்களே எட்டிப் பாருங்க.”

கோமளம் எட்டிப் பார்த்தாள். கட்டடத்தின் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே குறுகலான சந்து. எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, திறந்த ஜன்னல். அதை ஒட்டிய கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார்.

அவள் கணவர் சந்தானம்!

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கட்டில்தான் அவருக்கு உலகம். தன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே தெரியும் சுவர் யாருடையது என்று கோமளம் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சந்தில் வந்த காற்றில் நரைமுடி அசைய, அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அருமையான இடம் மேடம்” என்றார் சேஷகிரி. “சூடெல்லாம் நேரா அந்தப் பக்கம் போயிடும்.”

“மெக்கானிக்கும் முதல்ல இங்கதான் மாட்ட வந்தான்” என்றாள் தீபிகா. “எங்க வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்துட்டு வேணாம்னுட்டார். அங்கிளுக்கு இந்தக் காத்து ஒண்ணுதான் இருக்குன்னார்.”

கோமளம் ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

“சார், எங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம். நீங்க கிளம்பலாம்.”

மாலையில் ஆபீஸிலிருந்து வந்த ஹரிஷை லிஃப்ட் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா? எல்லார் முன்னாடியும் உன்னை அவமானப்படுத்திட்டேனே! அடுத்த கூட்டத்துல நானே எழுந்து உண்மையைச் சொல்லிடறேன்.”

“ஐயையோ, வேணாம் ஆன்ட்டி!” ஹரிஷ் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அங்கிள் காதுக்குப் போச்சுன்னா, தன்னால எங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னு அந்த ஜன்னலையே சாத்தச் சொல்லிடுவார்.”