பத்தாவது ஸ்டிக்கர்

ஒன்பது முப்பத்தெட்டுக்கு அந்தச் சின்ன நீலக் கார் வாசலில் திரும்பியபோது, சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர் இடுக்கியைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

பத்து!

வாரிகல் மோட்டார் கிளப்பின் தலைவி நோலீன், பந்தயத்துக்கு வந்திருந்த கார்களைக் காலையிலிருந்து ஆறு முறை எண்ணியிருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒன்பதுதான் வந்தது.

பத்து மணிக்கு, சோதனையில் தேறிய பத்துக் கார்கள் நிற்க வேண்டும். இல்லையென்றால் பந்தயம் ரத்து. இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை ரத்தாகிவிட்டது. மூன்றாவது முறையும் என்றால், பந்தயம் நடக்கும் மலைச் சாலையை ஊர்க் கவுன்சில் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஐம்பத்தோரு வருட கிளப்பை அத்தோடு இழுத்து மூட வேண்டியதுதான்.

கிளெம் ஹாரிகன், தேறிய கார்களில் ஒட்டும் ஸ்டிக்கர் தாளோடு நீலக் காரை நெருங்கினார்.

கார்களைச் சோதிப்பவர் அவர். ஒரு காலத்தில் அந்த வேலைக்கு நான்கு பேர் இருந்தார்கள். இப்போது அவர் ஒருவர்தான். பந்தயத்திலும் ஓட்டுவதால், அந்த ஒன்பதில் ஒன்றான தன் காரையும் கடைசியில் தானே சோதித்துக்கொள்வார்.

சொந்த மைத்துனரின் காரையே ஒரு போல்ட் குறைந்ததற்காக வீட்டுக்கு அனுப்பியவர். மைத்துனர் அதற்குப் பிறகு கிளப்புக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

அதை ஓட்டி வந்த டானிகா பானெட்டைத் திறந்தாள். மருந்துக்கடையில் வேலை. இதுதான் அவளுடைய முதல் பந்தயம்.

பேட்டரியைத் துணி காயப்போடும் கயிற்றால் கட்டியிருந்தாள்.

கிளெம் கயிற்றை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "இரும்புப் பட்டை போட்டு இறுக்கணும்மா. இப்படியே ஓட்ட விட முடியாது."

"யோவ் கிளெம், பத்தாவது கார்யா! இன்னிக்கு ஒரு நாள் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுப் பாரேன்!" என்றார் நோலீன்.

"கழட்டினாலும் கயிறு தெரியுதே."

டானிகா மெதுவாகக் கார் சாவியை எடுத்தாள்.

ஒன்பது பேரும் தங்கள் கருவிப் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினார்கள். பட்டை இல்லை. கடை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. எல்லோரும் கிளெம்மையே பார்த்தார்கள்.

கிளெம் கொட்டகைக்குப் பின்னால் விறுவிறுவென்று நடந்தார்.

ஒன்பது ஐம்பதுக்குத் திரும்பி வந்தார். கையில் கிரீஸ் படிந்த ஓர் இரும்புப் பட்டை, இரண்டு போல்ட்.

"எங்கேய்யா பிடிச்சே?" என்றார் நோலீன்.

"இருந்துது."

தானே குனிந்து மாட்டினார். இறுக்கினார். உலுக்கிப் பார்த்தார். நீலக் காரின் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினார். டானிகா அவரைக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் சோதனை முடிந்து அவரை யாரும் கட்டிக்கொண்டதில்லை.

ஒன்பது ஐம்பத்தேழு.

தாளில் இன்னும் ஒரு ஸ்டிக்கர். சோதிக்க இன்னும் ஒரு கார்.

கொட்டகைக்குப் பின்னால் நின்ற தன் பச்சைக் காரின் பானெட்டைக் கிளெம் தூக்கினார்.

பட்டை இருந்த இடத்தில் இரண்டு காலித் துளைகள்.

இந்த ஒரு காருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வது என்று, போல்ட்டைக் கழற்றும்போதே முடிவு செய்திருந்தார்.

மூடிக்கொண்டார்.

பிறகு திறந்து, பேட்டரியை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். ஆடியது.

ஒலிபெருக்கியில் நோலீன் பத்து ஓட்டுநர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைத்தட்டல்.

கிளெம் கடைசி ஸ்டிக்கரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவரை நோக்கி நடந்தார்.

"ஒம்பதுதான், நோலீன். ஒண்ணு தேறல."