ஒரு விரல் குறைவு

"சார், என் பொண்ணோட உயரம் விஷயமா உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்."

ரோலர் கோஸ்டர் வாசலில் நின்றிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தீம் பார்க்கில் கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் இன்ச் டேப். பதினோரு வருடமாக அதே வாசல், அதே அளவுக் கம்பம், அதில் நூற்று நாற்பது சென்டிமீட்டரில் அதே சிவப்புக் கோடு. கோட்டைத் தொடாத பிள்ளைக்கு வண்டியில் இடமில்லை.

எப்படியாவது ஏற்றிவிடச் சொல்லி அப்பாக்கள் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஷூவுக்குள் அட்டையை மடித்து வைத்துக் கூட்டி வருவார்கள். உச்சியில் கொண்டை போட்டுக் கூட்டி வருவார்கள். எதுவும் பலிக்காவிட்டால், மேனேஜர் எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று ஆரம்பிப்பார்கள். இன்ச் டேப் இதுவரை யாருக்கும் ஒரு விரல்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

"இங்க சிபாரிசெல்லாம் எடுபடாது சார். கோட்டைத் தொட்டா ஏறலாம், தொடலைன்னா ஏற முடியாது. அவ்வளவுதான்."

"தொடுவா சார். அதான் பிரச்சனையே," என்றார் வந்தவர். "நீங்க தொடலைன்னு சொல்லணும்."

இன்ச் டேப் அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். பார்க்கில் விற்கிற முயல் காது தொப்பியைத் தலையில் மாட்டியிருந்தார், மகள் மாட்டிவிட்டதாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்த முகம் பல நாள் தூங்காத முகம்.

"இதயத்துல ஓட்டை சார். வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். அவகிட்ட டான்சில்னு சொல்லி வச்சிருக்கோம். விஷயம் தெரிஞ்சா பயந்தே பாதியாயிடுவா. இங்க கூட்டிட்டு வர்றேன்னு போன பொறந்த நாளைக்கே சொன்னது. இப்ப வேணாம்னா சந்தேகப்படுவா. சின்ன ராட்டினம், படகெல்லாம் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இது மட்டும் கூடவே கூடாதாம்."

"அப்ப நீங்களே வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"ஏன்னு கேட்பா சார். துருவித் துருவிக் கேட்பா. அவ கண்ணைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால முடியாது. நீங்க சொன்னா கேள்வியே இல்லை. உங்க மேல கோபப்பட்டுட்டுப் போயிடுவா."

இன்ச் டேப் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அளவைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது இத்தனை வருடத்தில் அவர் செய்யாத வேலை.

"அனுப்புங்க," என்றார்.

சிறிது நேரத்தில் அவள் முறை வந்தது. பத்து வயது, வாய் ஓயாத பெண். அப்பா பின்னால் வந்தார். அம்மா தடுப்புக் கம்பிக்கு வெளியே பைகளோடு நின்றுகொண்டு, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

"அங்கிள், எங்களுக்கு முன் சீட்டுதான் வேணும். அப்பா, நீங்க மேல போனதும் கத்தக்கூடாது, சொல்லிட்டேன். என் மானமே போயிடும்."

கம்பத்தில் சாயும் பிள்ளைகள் எல்லாரும் குதிகாலைத் தூக்குவார்கள், கழுத்தை நீட்டுவார்கள். இவள் முழங்காலைத் தளர்த்தி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நிற்கத் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்தார் இன்ச் டேப். சொல்லப் போகிற பொய்க்கு அது கொஞ்சம் வசதியாகவும் இருந்தது.

கம்பத்தில் இருந்த அளவுப் பலகையை அவள் உச்சந்தலைவரை இறக்கினார். "ஒரு விரல் குறையுதும்மா."

"பொய்! வீட்டுல அளந்தப்ப சரியா இருந்துச்சு. அப்பா, நீங்க சொல்லுங்கப்பா!"

"ரூல்னா ரூல்தான் கண்ணு. அங்கிள் என்ன பண்ணுவார், பாவம்."

அவ்வளவுதான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, காலை உதைத்து, பார்க் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். இந்த அங்கிள் மோசம், இனிமேல் இந்தப் பக்கமே வர மாட்டேன் என்றாள்.

"ஒரு விரல்தானே, ஏத்திவிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "கல்லு மனசுப்பா இவனுக்கு," என்றாள் ஓர் அம்மாள். இன்ச் டேப் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

அப்பா மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது திரும்பி, முயல் காதுகள் ஆட, தலையை மட்டும் அசைத்தார். காலையிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த பாரத்தை இறக்கி வைத்தவர் போல இருந்தார்.

அரை மணி நேரம் கழித்து, அவள் தனியாக ஓடி வந்தாள். இன்ச் டேப் பதறிவிட்டார்.

"ஓடாதம்மா! மெதுவா, மெதுவா. அப்பா எங்கே?"

"அதோ, தண்ணிக் குழாய்கிட்ட. உங்ககிட்ட சாரி சொல்லிட்டு வர்றேன்னு கேட்டுட்டுத்தான் வந்தேன். ரொம்ப கத்திட்டேன்ல?"

அங்கே அப்பா எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா முகத்தில் சிரிப்பு தெரிந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா." இன்ச் டேப் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "அடுத்த வருஷம் வா. நானே உன்னை முன் சீட்ல உட்கார வைக்கிறேன்."

"கண்டிப்பா வர்றேன் அங்கிள்."

அவள் முகத்தில் அழுத சுவடே இல்லை. அப்பா நிற்கும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகில் வந்து கேட்டாள்:

"நான் அழுததை அப்பா நம்பிட்டார்ல அங்கிள்?"