செங்காலாற்றின் மறுபிறப்பு

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தமது பொற்கரங்களால் இன்று காலை செங்காலாற்றுக்கு உயிர் கொடுக்கிறார்! பொதுமக்கள் திரண்டு வாரீர்!"

ஒலிபெருக்கி கத்தியது.

அவன் மண்கலயத்தோடு ஆற்றங்கரையில் நின்றான். கலயத்துக்குள் அம்மாவின் சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

செங்காலாறு நீளமானதல்ல. ஒரு குன்றில் தொடங்கி, நாலு ஊர் தாண்டி, ஒரு குளத்தில் முடிந்துவிடும். கோடையில் சொட்டு நீரும் இருக்காது.

அதனால் யார் செத்தாலும், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். முழங்கை ஆழத்தில் நீர் கசியும். அதில் கரைப்பார்கள்.

ஊற்றுத் தோண்டும் இடத்தில் இப்போது ரோடு ரோலர் ஓட்டி, சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். நீலத் தார்ப்பாய் விரித்து, டேங்கர் லாரியில் கொண்டுவந்த தண்ணீரை நிரப்பியிருந்தார்கள்.

ஒப்பந்தக்காரர் போனில் சொன்னார். "ஆறு ரெடி சார்."

காவலுக்கு நின்ற ஏட்டையா, மணலில் இறங்கப்போன அவனைக் கையை நீட்டி மறித்தார்.

"அங்கன போகக் கூடாதுவே."

"அம்மா சாம்பல், ஏட்டையா. உச்சிக்கு முன்னால கரைக்கணும்."

"விழா நடக்கப்போற எடத்துல சாவை எடுத்துட்டு வாரீரே. நாளைக்கு வாரும்."

"செத்தவளுக்கு வாய்தா வாங்கச் சொல்லுதீரோ?"

ஏட்டையா லத்தியால் கரையைக் காட்டினார்.

வெயில் ஏறியது.

அமைச்சர் வரவில்லை. பத்து என்றார்கள். பதினொன்று என்றார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று, வராத அமைச்சரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சூரியன் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம்தான்.

இந்த ஆற்றில் மணல் அள்ளியவனை எவனும் லத்தி நீட்டி மறித்ததில்லை.

சைரன் கேட்டது.

மேடை, கம்பளம், மாலை, தாசில்தார், ஏட்டையா எல்லாம் சாலையைப் பார்த்து ஓடின.

பள்ளத்தருகே ஒருவரும் இல்லை.

அவன் இறங்கினான். குந்தினான். கலயத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான்.

"போயிட்டு வா, தாயி."

சாம்பல் சற்று நேரம் மிதந்தது. பிறகு கலங்கியது. எலும்புத் துண்டுகள் தார்ப்பாயில் போய் அமர்ந்தன.

அவன் கரையேறும்போது, யாரோ ஓடிவந்து கூடை நிறையச் சாமந்தியைக் கொட்டித் தண்ணீரை மூடினார்கள்.

மந்திரம் முழங்கியது.

மாண்புமிகு அமைச்சர் பூக்களை விலக்கி, இரு கைகளாலும் அள்ளி, கண்ணில் ஒற்றி, ஒரு மிடறு குடித்தார்.

அமைச்சர் குடித்ததால் அதிகாரிகளும் குடித்தார்கள்.